இருமியது யார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாம்பலம் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து வீட்டிலிருந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்த பிறகு, பெரியம்மா ஜாடை காட்டி என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்தாள். ஏதோ ரகசியம் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மருமகளைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாமியார்மார்களுக்குச் சமையலறையில் வேறு என்ன ரகசியம் இருக்கப் போகிறது என்ற அசட்டு எண்ணம் எனக்கும் உண்டு!

பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஏண்டி, நீ பத்திரிகையிலே எழுதறவதானே? நாலு புஸ்தகம் படிச்சவ. ஒண்ணு கேக்கறேன், சிரிக்காமச் சொல்லு. விடியக்காலம் நாலு மணிக்கு உங்க பெரியப்பா இருமற சத்தம் எனக்குக் கேக்குது. இது நெஜமா? இல்லே, எனக்குத்தான் புத்தி கலங்கிப் போச்சா?"

பெரியப்பா காலமாகி ஏழு மாதம் ஆகிறது. அவர்களுடையது 41 வருஷத் தாம்பத்தியம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைக் கேட்டேன். இதற்கு முன் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறாள். முதலில் பிள்ளையிடம். அவன், "அம்மா, நாளைக்கே ஒரு மனநோய் டாக்டர்கிட்டே காட்டிடலாம்" என்றான். அடுத்தபடியாகப் பக்கத்து வீட்டு அம்மாளிடம். அந்த அம்மாள் ஒரு ஜோசியரை அழைத்து வந்தாள். அவர், "ஆத்மா சாந்தி அடையவில்லை. அதனால்தான் வீட்டையே சுற்றுகிறது. பரிகாரம் செய்தாக வேண்டும். இருபத்தையாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு ஜோடி வளையலை விற்றுவிடுவது என்று பெரியம்மா தீர்மானம் செய்து, அதைக் கழற்றி அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

பார்த்தீர்களா? பிள்ளை அவளைப் பைத்தியம் என்கிறான். ஜோசியர் அவள் புருஷனைப் பேய் என்கிறார். இந்த இரண்டில் எதை ஒப்புக்கொண்டால் அவளுக்கு நிம்மதி?

"யோசிச்சுச் சொல்றேன் பெரியம்மா. அதுவரைக்கும் வளையலை விக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். யோசித்ததைத்தான் இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். நேயர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஓர் இருமல் கேட்கிறதோ, யார் கண்டார்கள்?

★

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்று ஒரு குடும்ப டாக்டர் இருந்தார். அவர் வைத்தியம் பார்த்து வந்த வட்டாரத்தில் கணவனை இழந்த பெண்கள் 227 பேரையும், மனைவியை இழந்த ஆண்கள் 66 பேரையும், ஆக 293 பேரை நேரில் கண்டு பேசினார். "இறந்து போனவர் பக்கத்தில் இருப்பதாக உங்களுக்கு எப்போதாவது தோன்றியதுண்டா?" என்று ஒவ்வொருவரையும் பொறுமையாக விசாரித்தார். கிடைத்த விவரத்தை 1971-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வைத்திய சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்.

நூற்றுக்கு 47 பேர் "உண்டு" என்றார்கள்! பெரும்பாலோருக்கு அவர் அருகில் இருக்கிறார் என்ற உணர்வு மட்டும். நூற்றுக்கு 14 பேர் கண்ணால் கண்டிருந்தார்கள். 13 பேர் குரலைக் கேட்டிருந்தார்கள். அதிக வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கே இந்த அனுபவம் அதிகம். அவர்களில் மிகுதியானவர்கள் இது தங்களுக்கு ஆறுதலாக இருப்பதாகவே சொன்னார்கள். இன்னொரு சமாசாரம்தான் என்னை உலுக்கிவிட்டது. இவர்களில் பெரும்பாலோர் டாக்டர் வந்து கேட்கும்வரை இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

வேல்ஸ் நாட்டுப் பாட்டிகளும் சமையலறையில்தான் ரகசியத்தை வைத்திருந்திருக்கிறார்கள்!

ஆகவே, பெரியம்மாவுக்குப் புத்தி கலங்கவில்லை. துணையை இழந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நேர்வதைப் பைத்தியம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். கேட்கும் குரல் "இதைச் செய், அதைச் செய்" என்று ஏவினாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டுப் போனாலோ, "நானும் அவரோடு போய்விடுகிறேன்" என்ற எண்ணம் தலைதூக்கினாலோ, தயங்காமல் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

★

இருக்கட்டும். இல்லாத இருமல் எப்படிக் கேட்கிறது?

காதும் கண்ணும் கொண்டு வரும் செய்தியை மூளை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. அரைகுறையாக வரும் செய்தியைத் தனக்குப் பழக்கமானதைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. அறியாமலே செய்யும் அனுமானம் என்று இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொல்லிவிட்டார். கைப்பையில் கைபேசி சும்மா கிடக்கும்போதே அது அதிர்ந்ததாகத் தோன்றி எடுத்துப் பார்த்ததில்லையா நீங்கள்? அதே சங்கதிதான். அதிலும் விடியற்காலம், தூக்கமும் விழிப்பும் கலந்திருக்கும் நேரம். கனவு முழுவதும் கலைவதற்கு முன்பே காது திறந்துகொண்டுவிடுகிறது.

மூளை வைத்தியர்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். 2006-இல் ஜெனீவா நகரத்தில் வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற வந்த 22 வயதுப் பெண் ஒருத்தியை ஓலாஃப் பிளாங்கே என்பவரும் அவருடைய சகாக்களும் பரிசோதித்தார்கள். இடது காதுக்குச் சற்று மேலே, மூளையின் ஓரிடத்தில் மிக லேசாக மின்சாரம் செலுத்தினார்கள். உடனே, "என் பின்னால் யாரோ இருக்கிறார்கள்" என்றாள் அந்தப் பெண். அவள் படுத்தால் அதுவும் படுத்தது. அவள் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால், அது பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டது. மின்சாரத்தை நிறுத்தினார்கள். அது போய்விட்டது!

"அது நோயாளி, நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். 2014-இல் ஸ்விட்ஸர்லாந்தில் அதே பிளாங்கேயின் குழுவினர் நோய் நொடி இல்லாதவர்களை வைத்து இன்னொரு சோதனை செய்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, முன்னால் இருக்கும் ஒரு கருவியை விரலால் அசைக்க வேண்டும். அதே அசைவை ஓர் இயந்திரக் கை அவர்கள் முதுகில் செய்து காட்டும். அசைத்த கணமே முதுகில் பட்டால், தன் முதுகைத் தானே தொடுவது போலத் தோன்றியது. அரை விநாடி தாமதித்துப் பட்டாலோ, பின்னால் யாரோ நிற்பதாகச் சிலருக்குத் தோன்றிவிட்டது. சிலர், "போதும், நிறுத்துங்கள்" என்றே சொல்லிவிட்டார்களாம். அரை விநாடித் தாமதத்தில் ஓர் ஆவி பிறந்துவிட்டது, பாருங்கள்!

நம் தேகம் இங்கே இருக்கிறது, நாம் இதற்குள்ளே இருக்கிறோம் என்று மூளை இடைவிடாமல் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது. கணக்கு சற்றுப் பிசகினால், நம்மையே இன்னொருவராக எண்ணிவிடுகிறோம்.

★

இனிமேல்தான் விஷயம் சிக்கலாகிறது.

தென்துருவ யாத்திரைக்குப் புறப்பட்டுக் கப்பலை இழந்த ஷாக்கில்டன் என்ற வீரரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1916-ஆம் வருஷம் மே மாதம், தம் கூட்டத்தாருக்கு உதவி தேடி, தென் ஜார்ஜியா என்னும் தீவின் பனிமலைகளை இரண்டு தோழர்களுடன் 36 மணி நேரம் ஓயாமல் நடந்து கடந்தார். நடந்தவர்கள் மூன்று பேர். ஆனால் தாங்கள் நான்கு பேர் போலவே அடிக்கடி தோன்றியதாகப் பிற்பாடு எழுதினார். மற்ற இருவருக்கும் அந்த எண்ணம் இருந்ததாம். ஷாக்கில்டன் அதைத் தெய்வத் துணை என்றே எடுத்துக்கொண்டார்.

உலகத்தில் எத்தனையோ மகான்கள் 'அவன் என் அருகில் வந்தான்' என்று பாடியிருக்கிறார்கள். அதெல்லாம் களைப்பும் பட்டினியும் அரை விநாடித் தாமதமும்தானா? 'மதம் என்பதே மூளையின் பிசகு' என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடலாமா?

அப்படி மூடிவிட ஆசைப்பட்டவர்கள் உண்டு. கானடா தேசத்துப் பேராசிரியர் பெர்சிங்கர் ஒரு தலைக்கவசம் செய்தார். அதற்குள் பலவீனமான காந்த சக்தியை ஓடவிட்டால், அணிந்தவருக்கு யாரோ பக்கத்தில் இருக்கும் உணர்ச்சி உண்டாகிறது என்றார். 'தெய்வக் கவசம்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் 89 பேரை வைத்து அதைப் பரீட்சித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். எப்போது காந்தம் ஓடுகிறது, எப்போது ஓடவில்லை என்பது அணிந்தவருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்று சோதித்தவருக்கும் தெரியாது. காந்தத்தால் ஒரு வித்தியாசமும் காணோம்! எதையும் சுலபமாக நம்பும் சுபாவம் உள்ளவர்களுக்குக் காந்தம் இல்லாமலே அனுபவம் வந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கோயிலில் சொன்னாலும் கேள்வி கேட்க வேண்டும். ஆராய்ச்சிசாலையில் சொன்னாலும் கேள்வி கேட்க வேண்டும். வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னார் என்பதற்காக நம்புவதும் ஒரு மூட நம்பிக்கையே.

அமெரிக்கத் தத்துவ ஞானி வில்லியம் ஜேம்ஸ், ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரத்தில் 1901-லும் 1902-லும் சமய அனுபவங்களைப் பற்றிச் சொற்பொழிவுகள் செய்தார். "அந்த மகான் கண்ட தரிசனம் வெறும் வலிப்பு, இந்த மகானுடைய பக்தி வெறும் நரம்புக் கோளாறு" என்று தள்ளிவிடும் டாக்டர்களுக்கு அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: எல்லா எண்ணமும் தேகத்திலிருந்துதான் வருகிறது என்றால், பக்தனுடைய நம்பிக்கை மட்டுமல்ல, நாஸ்திகனுடைய அவநம்பிக்கையும் அங்கிருந்துதானே வருகிறது? ஓர் எண்ணம் எங்கே பிறந்தது என்று காட்டிவிட்டால், அது பொய் என்று காட்டியதாகாது.

நமக்குப் பழக்கமான கணக்கிலேயே பாருங்கள். இரண்டும் இரண்டும் நாலு என்று நீங்கள் நினைக்கும்போதும் மூளையில் ஏதோ ஒரு பாகம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதற்காகக் கணக்குப் பொய்யாகிவிடுமா?

சரி, அப்படியானால் பக்தர்கள் பக்கம் ஜெயித்துவிட்டதா? அவசரப்படாதீர்கள். யாருமே இல்லாத இடத்தில், வெறும் மின்சாரத்தாலும் அரை விநாடித் தாமதத்தாலும், 'யாரோ இருக்கிறார்' என்ற உணர்ச்சி அசல் போலவே வந்துவிடுகிறது என்று பார்த்தோமே! ஒரு முறை தவறாகச் சொல்லிப் பிடிபட்ட சாட்சியின் பேச்சு முழுவதும் பொய் என்று எந்தக் கோர்ட்டும் தீர்மானிப்பதில்லை. ஆனால் அவன் பேச்சை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வதுமில்லை. வேறு சாட்சி உண்டா என்று கேட்கும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அனுபவம் நிஜம். அதை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அனுபவத்தின் பின்னால் ஒரு 'ஆகவே' வருகிறதல்லவா? அங்கேதான் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். "இருமல் கேட்கிறது" என்பது அனுபவம். "ஆகவே ஆத்மா அலைகிறது, ஆகவே பணம் கொடு" என்பது அனுபவமல்ல, வாதம். வாதத்துக்கு ஆதாரம் கேட்கலாம். "எனக்குத் தெய்வம் உத்தரவு கொடுத்தது, ஆகவே இன்னாரை உள்ளே விடாதே, இன்ன பெண்ணை ஒதுக்கி வை" என்று ஒருவர் சொன்னால், அவருடைய பக்தியைப் பரிகாசம் செய்ய வேண்டியதில்லை. அந்த 'ஆகவே'க்கு மட்டும் கணக்குக் கேட்டால் போதும்.

★

"இதெல்லாம் மேல்நாட்டு விவகாரம், பெண்பிள்ளைகளுக்கு ஏன்?" என்று யாராவது உங்களைக் கேட்டால், மணிமேகலையின் 27-ஆவது காதையைக் காட்டுங்கள். வஞ்சி மாநகரத்தில் மணிமேகலை ஆண் துறவி வேஷத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய், "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். கடைசியில் பூதவாதி வருகிறான். பூவையும் வெல்லத்தையும் மற்றதையும் கூட்டினால் போதை பிறப்பது போல, பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது. பூதங்கள் பிரிந்தால் உணர்வும் போய்விடுகிறது. மறுபிறப்பு என்பது பொய் என்கிறான். இன்றைய மூளை விஞ்ஞானிக்குப் பாட்டன் என்று சொல்லலாம் அவனை!

மணிமேகலை சிரிக்கிறாள். தன் முற்பிறப்பை அறிந்தவள் அல்லவா அவள்? பூதவாதி விடவில்லை. தெய்வ மயக்கத்திலும் கனவிலும் மனம் பேதலித்தவர்களுக்கு அப்படித் தோன்றும் என்கிறான். அவள் திருப்பிக் கேட்கிறாள்: "கண்ணால் கண்டதுதான் பிரமாணம், அனுமானம் கூடாது என்கிறாயே, உன் தாய் தகப்பனை மட்டும் எப்படித் தெரிந்துகொண்டாய்?"

காவியம் மணிமேகலையின் கட்சிதான். ஆனாலும் எதிர்க் கட்சிக்காரனின் கூர்மையான கேள்வியை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அதைத்தான் நான் மெச்சுகிறேன். கேள்விக்குப் பயப்படாத நம்பிக்கை இருக்கிறதே, அது வேறு ஜாதி.

★

மறுபடியும் மாம்பலம் போனேன். இத்தனையையும் பெரியம்மாவுக்கு எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். புடலங்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ இருமறது என் மூளைதான்னு சொல்றே?"

"அப்படித்தான் தோணுது, பெரியம்மா."

சிறிது நேரம் கத்தி மட்டும் பேசியது. பிறகு கேட்டாள்:

"முதல்லே ரெண்டு சின்ன இருமல். அப்புறம் ஒரு பெரிசு. அதுக்கப்புறம் தொண்டையைச் செருமறது. அச்சா அவரேதான். என் மூளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"41 வருஷம் கேட்டிருக்கீங்களே, பெரியம்மா!"

அவள் பதில் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புடலங்காய் நறுக்கினால் கண் எரியாது என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"அவர் எங்கேயாவது இருக்காரா, இல்லையா? அதைச் சொல்லு" என்றாள்.

"அது எனக்குத் தெரியாது. இருக்கார்னு நீங்க நம்பினா, அதைப் பொய்னு சொல்ல என்கிட்டே ஆதாரம் இல்லே. ஆனா இந்த இருமலை வெச்சுக்கிட்டு இருக்கார்னு சொல்லவும் முடியாது, கஷ்டப்படறார்னு சொல்லவும் முடியாது."

"கஷ்டப்படறார்னு சொல்ல முடியாதா?"

"முடியாது, பெரியம்மா."

"அது போதும். மத்ததை நான் யோசிச்சுக்கறேன்."

அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டாள். வளையல்கள் கைக்குத் திரும்பின.

இரண்டு நாள் கழித்து டெலிபோனில் கூப்பிட்டாள். ஜோசியர் முன்பணம் வாங்க வந்திருந்தாராம்.

"ஆத்மா சாந்தி அடையலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். 'அதான் இருமல் கேக்குதே அம்மா'ன்னார். 'அது எனக்கில்லே கேக்குது? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?'ன்னேன். காப்பியைக் குடிச்சிட்டுப் போயிட்டார்."

"இருமல்?" என்று கேட்டேன்.

"இன்னிக்கும் கேட்டுது. இப்பல்லாம் பயமா இல்லேடி. கேட்டப்புறம் எழுந்து விளக்கைப் போட்டு மணி பாக்கறதில்லே. திரும்பிப் படுத்துத் தூங்கிடறேன். அவர் இருந்தப்பவும் அப்படித்தானே செஞ்சுக்கிட்டு இருந்தேன்!"